தாலியில் ஒரு புறா

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, ஜொகூர் பாருவில் ஒரு கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. கைப்பேசியில் தாலி மாதிரிகளைக் காட்டினாள். ஒன்றில் சிலுவை, இன்னொன்றில் இறங்கி வரும் புறா. "தாலி நம்ம வழக்கம்தானே மாமா, இதுல ரோமாபுரிக்கு என்ன வேலை?" என்றாள்.

வேலை இருந்தது. விசுவாசத்தில் தப்பறை நுழையாமல் காப்பது பாப்பரசரின் கடமை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு காவல் கிடையாது. 1998-இல் இரண்டாம் ஜான் பால் இதற்கென்றே ஒரு மடல் எழுதினார். கடவுளே வெளிப்படுத்தியதென்று திருச்சபை அறிவித்தவை முதல் படி. கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்பது அங்கே நிற்கிறது. அந்த வெளிப்பாட்டோடு பிரிக்க முடியாமல் ஒட்டியிருப்பதால் முடிவாகப் போதிக்கப்பட்டவை இரண்டாவது. சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இருந்தது. மடல் அதைச் சேர்த்தது. மற்றபடி அன்றாடம் போதிப்பவை மூன்றாவது. அவற்றுக்குப் பணிந்த மனம் போதும்.

தாலி இந்த மூன்றிலும் இல்லை. அப்படியென்றால் ரோமாபுரி அதை ஏன் தொட்டது? வழக்கம் சுமந்துவரும் பொருள் முதல் படியோடு மோதுகிறதா என்று பார்க்கத்தான்.

மதுரைக்கு 1606-இல் வந்த மிஷனரி இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தினார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் குல அடையாளம், வழிபாடு அல்ல என்று வாதாடினார். 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி ஒரு மடல் எழுதி நிபந்தனையோடு அனுமதித்தார். அதே மடலில், உயர்குலத்தோர் எளியவர்களை, அதுவும் கோயிலுக்குள், இழிவாக நடத்தக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொண்டார். எனக்கு அந்த மடலில் பெரிதாகத் தெரிவது அந்த வரிதான்.

பிறகு பாப்பரசரின் தூதராகத் துர்னோன் புதுச்சேரிக்கு வந்தார். உடல்நலமின்றி உள்நாட்டுக்குப் போகாமலே 1704-இல் ஆணை போட்டார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. மஞ்சள் பூசிய 108 இழைக் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. பெண் பெரியவளானால் சடங்கு கூடாது. இவற்றோடு இன்னொன்றும் உண்டு: பறையர் வீட்டில் ஒருவர் நோயில் கிடந்தால், குருவானவர் அந்த வீட்டுக்கே போய் அவஸ்தைபூசுதல் கொடுக்க வேண்டும்.

சாகக் கிடக்கிறவரைக் குடிசையிலிருந்து தூக்கி வெளியே கொண்டுவந்தால்தான் குருவானவர் பார்ப்பார் என்றிருந்த காலம் அது. குடிசைக்குள் கால் வைத்தால் மேல்சாதிக்காரர்கள் அவரைத் தங்கள் வீட்டில் சேர்க்க மாட்டார்கள். இதை மாற்ற முடியாது என்று மிஷனரிகள் நாற்பது வருஷம் முறையிட்டார்கள். 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் தடைகளில் பெரும்பகுதியை உறுதி செய்தார்; பறையருக்குத் தனிக் குருக்கள் என்ற ஏற்பாட்டையும் ஒப்புக்கொண்டார். நோயாளிக்குக் குருவானவர் கிடைத்தார், தீட்டும் அப்படியே தங்கியது.

என் மனம் ஆறாத இடம் இது. தேங்காயில் தப்பறை இருக்குமோ என்று அத்தனை நுணுக்கமாகப் பார்த்த கண், ஒரே அப்பத்தை உண்கிறவர்களைப் பிரித்த சுவரோடு சமரசம் செய்துகொண்டது. ஞானஸ்நானத்தில் எல்லாரும் ஒன்று என்பது முதல் படிப் போதனை அல்லவா? காவல் அங்கேதான் கடுமையாக இருந்திருக்க வேண்டும்.

இந்தச் சடங்குகளை எதிர்த்து மிஷனரிகள் எடுத்துவந்த சத்தியப்பிரமாணத்தை 1940-இல் ரோமாபுரி நீக்கியது. இப்போது மஞ்சள் கயிற்றை யாரும் கேள்வி கேட்பதில்லை. பிள்ளையார் இருந்த இடத்தில் புறா உட்கார்ந்திருக்கிறது. அது அழகாகத்தான் இருக்கிறது, அதையே எடு என்றேன்.

அவள் சரியென்று தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாப்பிள்ளை வீட்டுல முதல்ல கேட்டது நாம எந்த ஆளுங்கன்னுதான் மாமா" என்றாள்.