மென்பொருள் தொழிலில் தேவைச் சோதனை

தேவைச் சோதனை என்பது, ஒரு மென்பொருளை எழுதி முடிப்பதற்கு முன்பே, அதைப் பணம் கொடுத்து வாங்குவோர் போதிய அளவில் இருக்கிறார்களா என்று கண்டறியும் நடைமுறை ஆகும். மென்பொருள் தொழிலில் மூலப்பொருள் செலவு குறைவு. ஆட்களின் சம்பளமும் காலமுமே பெரிய முதலீடு. யாரும் வாங்காத மென்பொருளுக்குச் செலவிட்ட மாதங்களைத் திரும்பப் பெற முடியாது. இக்கட்டுரை காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்நடைமுறையை விளக்குகிறது.

வட்டாரப் பின்னணி

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும், டைம்லரின் வணிக வாகன ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இலும் செயல்படத் தொடங்கின. இவற்றுக்கு உதிரிபாகம் தரும் நிறுவனங்கள் சிப்காட் வளாகங்களிலும், திருமுடிவாக்கம், அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைகளிலும் உள்ளன.

பெரிய ஆலைகளில் மென்பொருள் வாங்கும் முடிவு பெரும்பாலும் தலைமையகத்தைச் சார்ந்தது. ஆகவே புதிய சிறு மென்பொருள் நிறுவனத்துக்கு எட்டக்கூடிய வாடிக்கையாளர்கள் இரண்டாம், மூன்றாம் அடுக்கு உதிரிபாகத் தயாரிப்பாளர்களே. அங்கும் மென்பொருளைப் பயன்படுத்துபவர் ஸ்டோர்ஸ் அல்லது டெஸ்பாட்ச் பிரிவு ஊழியர். பணம் கொடுப்பவர் உரிமையாளர். ஆலோசனை சொல்பவர் கணக்குத் தணிக்கையாளர். மூவரில் ஒருவரிடம் மட்டும் பேசிவிட்டுத் தேவை இருப்பதாக முடிவு செய்வது பிழையாகும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஜாப் ஒர்க் கணக்கு

சிறு தயாரிப்பாளர் ஒருவர் பாகங்களை பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் போன்ற வேலைகளுக்கு டெலிவரி சலான் போட்டு வெளியே அனுப்புகிறார். ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி, இவ்வாறு அனுப்பிய உள்ளீட்டுப் பொருள்கள் பொதுவாக ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்கப்பட வேண்டும். இல்லையெனில் அனுப்பிய நாளிலேயே அவை விற்கப்பட்டதாகக் கருதப்பட்டு, வரியும் வட்டியும் கட்ட நேரிடும். விவரங்களை ஐடிசி-04 படிவத்திலும் தெரிவிக்க வேண்டும்.

இந்தச் சலான்களைக் கண்காணிக்கும் மென்பொருள் விற்குமா? சட்டம் இருப்பதாலேயே தேவை இருப்பதாகக் கொள்ள முடியாது. பதிவேடு, எக்செல், டேலி ஆகியவற்றைக் கொண்டு இந்த வேலை ஏற்கெனவே நடக்கிறது. புதிய மென்பொருளின் உண்மையான போட்டியாளர்கள் இவைதாம்.

சோதனையின் படிகள்

1. கடந்த காலத்தைக் கேட்டல்: ‘இப்படி ஒரு மென்பொருள் வந்தால் வாங்குவீர்களா?’ என்று கேட்டால், மரியாதைக்காகவே பலர் ‘வாங்குவோம்’ என்பார்கள். ‘கடைசியாக எப்போது சலான் கணக்கு ஒத்துப்போகவில்லை? யார் சரிசெய்தார்? எத்தனை நாள் ஆனது?’ என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்களே பயன் தருபவை. அண்மையில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் தேவை வலுவற்றது.

2. கையால் செய்து காட்டுதல்: நான்கைந்து நிறுவனங்களின் சலான்களை வாங்கி, எக்செல்லில் பதிந்து, நிலுவைப் பட்டியலை வாரந்தோறும் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஒரு வாரம் பட்டியல் தாமதமானால் ‘ஏன் வரவில்லை?’ என்று தொலைபேசி வருகிறதா என்பது முக்கியமான சான்று. விலை விவரங்கள் ரகசியமானவை என்பதால், அவற்றைப் பிறரிடம் காட்டுவதில்லை என எழுத்துமூலம் உறுதியளிப்பது அவசியம்.

3. பணம் கேட்டல்: சிறு தொகையாயினும் முன்பணம் கேட்க வேண்டும். இலவசச் சோதனைக்குச் சம்மதிப்பதும் பணம் செலுத்துவதும் வேறு வேறு.

4. இலக்கை முன்பே எழுதிவைத்தல்: ‘ஆறு வாரத்தில் 20 நிறுவனங்களைச் சந்தித்து, 4 பேரிடமாவது முன்பணம் பெற வேண்டும்’ என்பது போன்ற அளவைத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் வைக்கும் இலக்கு, கிடைத்த முடிவுக்கு ஏற்ப வளைந்துவிடும்.

கணக்கும் சேர்ந்தே வர வேண்டும். மாதச் செலவு 1,20,000 ரூபாய், சந்தா மாதம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், செலவை ஈடுகட்டவே 80 வாடிக்கையாளர்கள் தேவை. எட்டு மாதம் மென்பொருள் எழுதிய பிறகு இந்த எண் எட்டாது எனத் தெரிந்தால் இழப்பு 9,60,000 ரூபாய். ஆறு வாரச் சோதனையில் தெரிந்தால் இழப்பு அதில் சிறு பகுதியே.

பிற எடுத்துக்காட்டுகள்

சென்னையில் 2010இல் தொடங்கப்பட்ட ஃபிரெஷ்டெஸ்க் (இன்றைய ஃபிரெஷ்வொர்க்ஸ்) நிறுவனத்துக்கு வித்திட்டது, வாடிக்கையாளர் சேவை மென்பொருள் ஒன்றின் விலையேற்றம் குறித்துப் பயனர்கள் இணையத்தில் வெளிப்படுத்திய அதிருப்தி. ஜோஹோவில் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம் அதைக் கண்டு, சக ஊழியருடன் வெளியேறி இந்நிறுவனத்தைத் தொடங்கினார். ஏற்கெனவே பணம் செலுத்தி வருவோர் மாற்று தேடுவது வலுவான அறிகுறி. நிறுவனம் 2021இல் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது.

பஃபர் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோயல் காஸ்காய்ன், 2010இல் முதலில் விளக்கப் பக்கம் ஒன்றை மட்டும் வெளியிட்டார். பின்னர் கட்டணத் திட்டங்களைக் காட்டும் பக்கத்தைச் சேர்த்து, எத்தனை பேர் கட்டணத் திட்டத்தைத் தேர்கிறார்கள் எனப் பார்த்த பிறகே மென்பொருளை எழுதினார்.

கவனிக்க வேண்டியவை

சட்டமே தேவையை உருவாக்குவதும் உண்டு. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமான மின் விலைப்பட்டியல் முறை, படிப்படியாக விரிந்து 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேற்பட்டோருக்கும் வந்தது. ஆனால் இத்தகைய தேவையை ஏற்கெனவே வாடிக்கையாளர் கையில் உள்ள கணக்கு மென்பொருள்களே எளிதில் நிறைவு செய்துவிடும்.

ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்த தேவையும் ஆபத்தானது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் மூடப்பட்டது. இத்தகைய ஓர் ஆலையை மட்டுமே நம்பியிருக்கும் உதிரிபாக நிறுவனங்களிடம் பெற்ற முன்பணம், பல ஆலைகளுக்கு விற்கும் நிறுவனங்களிடம் பெற்றதற்கு ஈடாகாது. எனவே சோதனைக்குத் தேர்ந்தெடுக்கும் நிறுவனங்கள் வெவ்வேறு ஆலைகளுக்குப் பொருள் தருபவையாக இருப்பது நல்லது.

சோதனை தோற்றால் யோசனையை உடனே கைவிட வேண்டும் என்பதில்லை. வாங்குபவரையோ, விலையையோ, தீர்க்கும் சிக்கலையோ மாற்றி மீண்டும் சோதிக்கலாம். பலமுறை சோதித்தும் முன்பணம் வராத யோசனையை நிறுத்துவது, சேமிப்பையும் காலத்தையும் அடுத்த முயற்சிக்கு மிச்சப்படுத்தும்.