கண் நீர் அழுத்த நோய்: பரம்பரையும் பழக்கமும்

நோயின் தன்மை

கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாகக் கெடுக்கிறது. கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரிவர வடியாதபோது அழுத்தம் கூடுகிறது. 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவு இயல்பானது. அந்த அளவுக்குள் இருந்தும் நரம்பு கெடுவோர் உண்டு. பெரும்பாலும் வலி இருக்காது. பக்கப் பார்வை முதலில் குறைவதால் நோய் முற்றும்வரை தெரிவதில்லை. மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்வில் (2003) 40 வயதைக் கடந்தோரில் 2.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. பெரும்பாலோர் அதுவரை அதை அறியாதவர்கள்.

ரத்த உறவு

நோயாளியின் உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து சுமார் 9 மடங்கு என்கிறது நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு. பிறவியிலேயே வரும் வகைக்கு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணுப் பழுது வந்து சேர்வது முக்கியக் காரணம். அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் மணமுடிக்கும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். குழந்தையின் கண் வழக்கத்தைவிடப் பெரிதாக இருப்பதை அழகென்று மெச்சுவார்கள். அதோடு நீர் வடிதல், வெளிச்சத்தில் கண் கூசுதல், கருவிழி மங்கல் சேர்ந்தால் அது அழகல்ல, நோய்.

கடலும் உப்பளமும்

திருப்பாலைக்குடி போன்ற பாக் நீரிணைக் கரை ஊர்களில் கவனிக்க வேண்டிய வகை ஒன்று உண்டு. கண் வில்லையின் விளிம்பில் தவிடு போன்ற வெண்துகள் படிந்து, நீர் வடியும் பாதையை அடைக்கும். மேற்சொன்ன அரவிந்த் ஆய்வில் 6 விழுக்காட்டினரிடம் இப்படிவு காணப்பட்டது. இதற்கான மரபணுத் தொடர்பு 2007-இல் ஐஸ்லாந்து, ஸ்வீடன் மக்களிடம் கண்டறியப்பட்டது. மரபணு மட்டும் போதாது. வெயிலில், குறிப்பாக நீர்ப்பரப்பில் தெறிக்கும் ஒளியில், நெடுநாள் உழைப்பதும் இதனோடு தொடர்புடையது என்று அமெரிக்க, இஸ்ரேல் ஆய்வு காட்டியது. வள்ளத்தில் போவோருக்கும் உப்பளத்தில் வாருவோருக்கும் அகல விளிம்புத் தொப்பியும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் ஆடம்பரமல்ல.

தவிர்க்கக்கூடியவை

கண் உறுத்தலுக்கு மருந்துக் கடையில் தாமே வாங்கி ஊற்றும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து மிகப் பெரிய கேடு. சிரசாசனத்தின்போது கண் அழுத்தம் இரு மடங்காகிறது. நோய் உள்ளவர் அதை விட வேண்டும். கண்ணில் பட்ட அடி, முற்றவிட்ட கண்புரை ஆகியவையும் இந்நோயில் கொண்டுபோய் விடும்.

பரிசோதனை

அழுத்தத்தை மட்டும் பார்ப்பது போதாது. பாவையை விரித்து நரம்பையும் வில்லையையும் பார்க்க வேண்டும். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காக்கலாம். குடும்பத்தில் ஒருவருக்கு நோய் உறுதியானால், 40 வயதுக்குக் காத்திராமல் உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.