மேயர் உண்டு, ஊரில் ஆளில்லை

காட்டுக்குள் ஒரு நடைபாதை. ஓரத்தில் ஆங்காங்கே சிறு கம்பங்கள். ஒன்றில் 'ரொட்டிக் கடை', சற்றுத் தள்ளி 'கொல்லர்', பிறகு 'பள்ளிக்கூடம்', 'பண்ணை'. ஆனால் சுவரோ கூரையோ எதுவும் இல்லை. புல் மூடிய பள்ளங்களும் அவற்றின் மேல் வளர்ந்த மரங்களும்தான்.

வடகிழக்குப் பிரான்சில், வெர்தன் நகருக்கு அருகே இருந்த ஃப்ளூரி கிராமம் இது. 1913-ல் இங்கே 422 பேர் வாழ்ந்தார்கள். உழவும் மரவேலையும் அவர்கள் பிழைப்பு.

ஃப்ளூரியின் தலையெழுத்து அது அமர்ந்திருந்த மேட்டில் இருந்தது. மியூஸ் ஆற்றுக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் மேட்டு நிலம் வடக்கு தெற்காக நீள்கிறது. அதையும் தாண்டிக் கிழக்கே இறங்கினால் வோவ்ர் சமவெளி, களிமண் பூமி. அந்தப் பக்கமிருந்து வரும் படைக்கு வெர்தனை மறைத்து நிற்பது இந்த மேடுதான். 1870-71 போரில் ஜெர்மானியரிடம் தோற்ற பிரான்ஸ், இங்கே வரிசையாகக் கோட்டைகள் கட்டியது. துவோமோன் கோட்டைக்கும் சூவில் கோட்டைக்கும் நடுவில் ஃப்ளூரியின் வயல்கள் மாட்டிக்கொண்டன.

முதல் உலகப் போரின் நடுவே, 1916 பிப்ரவரி 21-ல் ஜெர்மனி தாக்கியது. ஊர் காலியானது. நான்கே நாளில் துவோமோன் விழுந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஃப்ளூரி பதினாறு முறை கைமாறியது. ஒரு ரொட்டிக் கடையும் ஒரு பள்ளியும் இருந்த ஊருக்காகப் பதினாறு முறை! ஆகஸ்ட் 18-ல் மொராக்கோவின் பெயர் தாங்கிய பிரெஞ்சுக் காலனியப் படைப்பிரிவு அதை இறுதியாக மீட்டபோது, மீட்பதற்கு ஊர் மிச்சமில்லை.

போர் முடிந்தும் குடியானவர்கள் திரும்ப முடியவில்லை. வெடிக்காத குண்டுகள், நச்சுவாயு, எடுக்கப்படாத பிணங்கள். தலைமுறைகள் எருவிட்டுப் பக்குவப்படுத்திய மேல்மண் அடிப்பாறையோடு புரண்டு கிடந்தது. வீட்டை மறுபடி கட்டிவிடலாம். அந்த மண்ணை எப்படிக் கட்டுவது? அரசு இந்த நிலத்தைச் 'சிவப்பு மண்டலம்' என்று ஒதுக்கி, பின்னர் பைன் மரங்களை நட்டது. இன்று நாம் பார்க்கும் காடு அதுதான்.

ஆனாலும் ஃப்ளூரியைக் கணக்கிலிருந்து அடித்துவிடவில்லை. இதுபோல் அழிந்த ஒன்பது ஊர்களுக்கு, போர்க்களத்தில் மாண்ட வீரனுக்குச் சூட்டும் 'பிரான்சுக்காக உயிர்நீத்த' என்ற அடைமொழியைக் கொடுத்தார்கள். ஃப்ளூரிக்கு இன்றும் ஒரு மேயர் உண்டு. வாக்களிக்க ஆளில்லாததால் மாவட்ட நிர்வாகி நியமிக்கிறார். தேவாலயம் இருந்த இடத்தில் சிற்றாலயம் நிற்கிறது. ரயில் நிலையம் இருந்த இடத்தில் 1967 முதல் போர் நினைவகம் இயங்குகிறது. அவற்றைவிட என்னை உலுக்குவது அந்தக் கம்பங்கள்தான். பெரிய தளபதிகளின் பெயர்களை நாடு எப்படியும் நினைவில் வைத்திருக்கும். ரொட்டி சுட்ட மனிதரின் வாசல் எங்கே இருந்தது என்பதையும் யாரோ குறித்து வைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

2013-ல் இங்கே 26 பிரெஞ்சு வீரர்களின் எலும்புகள் கிடைத்தன. ஒரு குடியானவரின் பண்ணை வீட்டு நிலவறையில்.