வில்லியம் ஹவுஸ்

வில்லியம் ஹவுஸ் (டிசம்பர் 1, 1923 – டிசம்பர் 7, 2012) ஓர் அமெரிக்கக் காது அறுவை மருத்துவர் ஆவார். பல் மருத்துவம் பயின்று, பின்னர் காது மருத்துவத்துக்கு வந்த இவர், காது அறுவையையும் மண்டையோட்டு அடித்தள அறுவையையும் இணைக்கும் நரம்புசார் காதியல் துறையின் தந்தை எனக் குறிப்பிடப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

ஹவுஸ் மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் நகரில் பிறந்து, கலிபோர்னியாவில் வளர்ந்தார். இவரது தந்தை பல் மருத்துவர். தாமும் பல் மருத்துவம் கற்ற ஹவுஸ், 1953 இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தில் பயிற்சி முடித்தபின், லாஸ் ஏஞ்சலஸில் காது மருத்துவராக இருந்த தமையன் ஹோவர்ட் ஹவுசுடன் இணைந்து பணியாற்றினார். பல்லைத் துளைக்கும் கருவியில் பெற்ற பழக்கம், கடினமான காதெலும்பைக் குடைவதில் இவருக்குக் கைகொடுத்தது.

செவிநரம்புக் கட்டி அறுவை

செவிநரம்புக் கட்டி என்பது உட்காதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பில் மெதுவாக வளரும், புற்றுநோயல்லாத கட்டியாகும். பெரிதானால் இது மூளைத்தண்டை அழுத்தி உயிருக்கு ஆபத்தாகும். 1950களில் மண்டையின் பின்புறத்தைத் திறந்து, சிறுமூளையை ஒதுக்கியே இதனை அகற்றினர். பலர் உயிரிழந்தனர், பிழைத்தோர் பலருக்கு முகவாதம் ஏற்பட்டது.

ஹவுஸ் மூளையை ஒதுக்காமல் எலும்பைக் குடைந்து செல்ல முயன்றார். அறுவை நுண்ணோக்கியின் உதவியுடன் இரு வழிகளை உருவாக்கினார்:

* நடுக்குழி வழி: காதுக்கு மேலிருந்து செல்வது. சிறிய கட்டிகளில் கேட்கும் திறனைக் காக்க வாய்ப்புண்டு.
* உட்காது வழி: காதுக்குப் பின்னுள்ள எலும்பையும் அரைவட்டக் குழல்களையும் அகற்றிச் செல்வது. முக நரம்பைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து காக்கலாம். ஆனால் அக்காதின் கேட்கும் திறன் முற்றிலும் இழக்கப்படும்.

காது மருத்துவர் ஒருவர் மண்டைக்குள் அறுவை செய்வதை நரம்பியல் அறுவை மருத்துவர் பலர் எதிர்த்தனர். அத்துறையைச் சேர்ந்த வில்லியம் ஹிட்செல்பெர்கர் இவருடன் கூட்டாகப் பணியாற்றினார். இத்தகைய கூட்டுப்பணி இன்று பல நாடுகளில் வழக்கமாக உள்ளது. கட்டியின் அளவையும் எஞ்சிய கேட்கும் திறனையும் பொறுத்து அறுவை வழி தேர்ந்தெடுக்கப்படுகிறது.

செயற்கைச் செவி

1961 இல் ஹவுஸ், காது கேளாதோரின் உட்காதில் மின்முனை பொருத்தினார். உடல் ஏற்காததால் அது அகற்றப்பட்டது. பின்னர் பொறியாளர் ஜாக் அர்பனுடன் இணைந்து முயற்சியைத் தொடர்ந்தார். இவரது ஒற்றை மின்முனைக் கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1984 இல் ஒப்புதல் அளித்தது. பின்னர் பல மின்முனைக் கருவிகள் அதன் இடத்தைப் பெற்றன. செவிநரம்பையே இழந்தோருக்காக 1979 இல் ஹவுசும் ஹிட்செல்பெர்கரும் மூளைத்தண்டில் மின்முனை பொருத்தினர்.