'நான்பிளஸ்': திகைப்புணர்த்தும் ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் பொருள் திரிபும்

முன்னுரை

சொற்பொருள் காலந்தோறும் மாறுவது மொழிகள் அனைத்திற்கும் பொதுவான இயல்பு. பொருண்மையியலார் இம்மாற்றத்தைப் பொருள் விரிவு, பொருட்குறுக்கம், உயர்பொருட்பேறு, இழிபொருட்பேறு எனப் பலவாக வகைப்படுத்துவர். நறுமணத்தையும் சுட்டிவந்த 'நாற்றம்' என்னும் தமிழ்ச்சொல் இன்று தீய மணத்தையே உணர்த்துவது இழிபொருட்பேற்றிற்கு வழக்கமாகக் காட்டப்பெறும் சான்றாகும். இவ்வகைகளுள் எளிதில் அடங்காத மாற்றமும் ஒன்றுண்டு. ஒரு சொல் தான் முன்பு உணர்த்திய பொருளுக்கு நேர்மாறான பொருளை ஏற்பதே அது. ஆங்கிலத்தில் 'வாயடைத்துத் திகைத்தல்' என்னும் பொருளில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் 'நான்பிளஸ்' என்னும் சொல், அண்மைக் காலத்தில் 'சற்றும் கலங்காதிருத்தல்' என்னும் பொருளையும் பெற்றுள்ளது. இச்சொல்லின் பிறப்பு, இலக்கண வகை மாற்றம், பொருள் தலைகீழானதன் காரணங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்பிறப்பு

இலத்தீன் மொழியில் 'நோன்' என்பது 'அன்று, இல்லை' என எதிர்மறை உணர்த்தும் சொல். 'ப்ளூஸ்' என்பது 'மேலும், மிகுதியாக' என ஒப்பீடு உணர்த்தும் சொல். இவ்விரண்டும் இணைந்த 'நோன் ப்ளூஸ்' என்னும் தொடர் 'இதற்கு மேல் இல்லை' என்று பொருள்படும். இத்தொடரே 1580களில் ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லாக வழங்கத் தொடங்கியது. 'மேற்கொண்டு சொல்லவோ செய்யவோ ஏதுமற்ற நிலை' என்பது அப்பெயரின் பொருள். ஒருவர் 'நான்பிளஸ் நிலையில்' இருந்தார் என்றும், எதிரி அவரை 'நான்பிளஸ் நிலைக்குக் கொணர்ந்தார்' என்றும் அக்காலத்தோர் எழுதினர்.

இலத்தீன் தொடர் ஒன்று அப்படியே ஆங்கிலப் பெயராவது அக்காலத்தில் புதுமையன்று. ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு பல்கலைக்கழகங்களில் கல்வியும் சொற்போரும் இலத்தீனிலேயே நடைபெற்றன. சட்டத்துறையும் இலத்தீன் தொடர்களை மிகுதியாகக் கையாண்டது. 'நாங்கள் அறியோம்' என்று பொருள்படும் 'இக்னொராமுஸ்' என்னும் இலத்தீன் வினைமுற்று, சான்று போதாத வழக்குகளின்மேல் நடுவர் குழுவினர் எழுதும் சட்டக் குறிப்பாக இருந்தது. அச்சொல்லையே தலைப்பாகவும் வழக்கறிஞன் ஒருவனின் பெயராகவும் கொண்டு ஜார்ஜ் ரகிள் இயற்றிய நாடகம் 1615இல் கேம்பிரிட்சில் முதலாம் ஜேம்சு மன்னர் முன்னிலையில் நடிக்கப்பெற்றது. அதன்பின் அச்சொல் 'அறிவிலி' என்னும் பொருளில் பெயராக நிலைபெற்றது. தொடர் பெயராகும் இத்தகைய வழக்கின் நடுவில்தான் 'நான்பிளஸ்' என்னும் சொல்லும் உருப்பெற்றது.

'இதற்கு அப்பால் இல்லை' என்று பொருள்படும் 'நே ப்ளூஸ் உல்ட்ரா' என்னும் தொடரை இதன் உறவுத் தொடராகக் கொள்ளலாம். ஜிப்ரால்டர் நீரிணையருகே நின்றனவாகக் கருதப்பட்ட எர்க்குலீசுத் தூண்களில் இவ்வெச்சரிக்கை பொறிக்கப்பட்டிருந்தது என்பது மரபுவழிச் செய்தி. பேரரசர் ஐந்தாம் சார்லசு அதன் எதிர்மறையை நீக்கி, 'இன்னும் அப்பால்' எனப் பொருள்படும் 'ப்ளூஸ் உல்ட்ரா' என்பதைத் தம் முழக்கத் தொடராக்கினார். அங்கே 'ப்ளூஸ்' கடற்பயணத்தின் எல்லையைக் குறித்தது. 'நான்பிளஸ்' என்பதிலோ அது பேச்சின் எல்லையைக் குறித்தது. ஆகவே இச்சொல்லின் அடிப்பொருள் மனக்கலக்கம் அன்று. மேற்செல்ல வழியின்மையே ஆகும். கலக்கம் அவ்வழியின்மையின் விளைவாகவே பொருளில் இடம்பெற்றது.

பெயர் வினையாதலும் வினை பெயரடையாதலும்

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் எவ்வகை ஒட்டும் ஏலாமலே வினைச்சொல்லாக வழங்குதல் உண்டு. அம்முறையில் 1590களில் 'நான்பிளஸ்' வினையாகவும் ஆயிற்று. 'ஒருவரை மேற்கொண்டு பேசவியலாதவாறு செய்தல்' என்னும் பொருளில் அது செயப்படுபொருள் குன்றா வினையாக அமைந்தது. 'அக்கேள்வி அவரை நான்பிளஸ் செய்தது' என்னும் அமைப்பில், தடுப்பது எது, தடுக்கப்படுபவர் யார் என்னும் இரண்டும் வெளிப்படையாக நின்றன.

இவ்வினையின் செயப்பாட்டு வடிவமாகிய 'நான்பிளஸ்டு' பின்னர்ப் பெயரடையாக வழங்கலாயிற்று. இன்றைய ஆங்கிலத்தில் பெயர் வடிவம் அருகிவிட்டது; செய்வினை வடிவமும் குறைவே; பெயரடை வடிவமே பெருவழக்கு. இலக்கண நோக்கில் சிறியதாகத் தோன்றும் இம்மாற்றம் பொருண்மை நோக்கில் பெரியது. செய்வினையில் தடுப்பவர், தடுக்கப்படுபவர் என்னும் உறவு பொருளைக் காத்து நின்றது. பெயரடையில் அவ்வுறவு மறைந்து, ஒருவரது நிலை மட்டுமே எஞ்சியது. அந்நிலை எத்தகையது என்பதைக் கேட்போரே உய்த்துணர வேண்டியதாயிற்று.

பொருள் தலைகீழாதல்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் அமெரிக்க ஆங்கிலத்தில் 'நான்பிளஸ்டு' என்பது 'கலங்காத, பொருட்படுத்தாத' என்னும் பொருளிலும் எழுதப்படலாயிற்று. இதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, சொல்லின் உறுப்புகளைப் பிழைபடப் பகுத்தல். ஆங்கிலத்தில் 'நான்' என்பது எதிர்மறை முன்னொட்டாக இன்றும் உயிர்ப்புடன் வழங்குகிறது. எனவே இலத்தீன் அறியாதவர் இச்சொல்லை 'நான்' என்னும் முன்னொட்டும் 'பிளஸ்டு' என்னும் பெயரடையும் சேர்ந்ததாகக் கொள்வது இயல்பு. 'பிளஸ்டு' என ஒரு தனிச்சொல் வழக்கில் இல்லை. ஆயினும் எதிர்மறை முன்னொட்டும் பெயரடையும் கூடி மன அமைதியை உணர்த்தும் 'அன்பெர்டர்ப்டு', 'அன்ஃபேஸ்டு' போன்ற சொற்கள் பல உள. அவற்றின் ஒப்புமையால், இல்லாத 'பிளஸ்டு' என்பதற்குக் 'கலங்கிய' என்னும் பொருள் கற்பிக்கப்படுகிறது. மேலும், இலத்தீன் 'ப்ளூஸ்' கணிதத்தின் வழியாகவும் ஆங்கிலத்தில் புகுந்தது. 1557இல் ராபர்ட் ரெக்கார்டு தம் கணித நூலில் கூட்டற்குறியை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தினார். இன்று 'பிளஸ்' என்றவுடன் கூட்டலும் ஆதாயமுமே நினைவுக்கு வருகின்றனவன்றிப் பேச்சின் எல்லை நினைவுக்கு வருவதில்லை.

இரண்டாவது, இருபொருட்கும் இடந்தரும் சூழல். 'செய்தியைக் கேட்டும் அவர் நான்பிளஸ்டாக நின்றார்' என்னும் பொருள்பட ஒரு தொடர் அமைவதாகக் கொள்வோம். திகைத்தவரும் பேசாது நிற்பார். பொருட்படுத்தாதவரும் பேசாது நிற்பார். அகத்து நிகழ்வன நேர்மாறானவை. புறத்தே தோன்றும் மெய்ப்பாடு ஒன்றே. சொல்லின் பொருளை முன்பே அறியாதவர் இத்தகைய தொடரிலிருந்து இரண்டில் எதனையும் கற்றுக்கொள்ள இயலும். அரிதாக வழங்கும் சொல்லாயின், பிழையைத் திருத்தும் பிற சூழல்கள் வாய்ப்பதும் அரிது.

மூன்றாவது, ஒலியும் வடிவமும் ஒத்த அயற்சொற்களின் தாக்கம். 'அக்கறையற்ற' என்று பொருள்படும் 'நான்சலண்ட்' என்னும் பிரெஞ்சுவழிச் சொல்லும் அதே எதிர்மறையுடன் தொடங்குகிறது. அதன் சாயல் 'நான்பிளஸ்டு' என்பதன்மேல் படிந்திருத்தல் கூடும். 'பெமியூஸ்டு' என்னும் சொல்லிலும் இத்தகைய தாக்கத்தைக் காணலாம். 'குழம்பிய, சிந்தை மயங்கிய' என்னும் பொருளுடைய அச்சொல், 'அமியூஸ்டு' என்பதன் ஒலியொப்புமையால், இன்று பலரிடத்தும் 'உள்ளூர நகைத்த' என்னும் பொருளைப் பெற்றுவருகிறது.

இம்மூன்றனுள் முதலாவதே புதுப்பொருளுக்கு வித்தாதல் கூடும் என்பதற்கு இலக்கணச் சான்று ஒன்றுண்டு. புதுப்பொருள் பெரும்பாலும் பெயரடை வடிவிலேயே வழங்குகிறது. 'அச்செய்தி அவரைக் கலங்காமல் வைத்தது' என்னும் பொருளில் இச்சொல்லைச் செய்வினையாக ஆளும் வழக்கு நிலைபெறவில்லை. முன்னொட்டும் பெயரடையுமாகப் பகுக்க இடந்தரும் வடிவத்தில் மட்டுமே பொருள் திரிந்துள்ளது என்பது கருதத்தக்கது.

பிற மாற்றங்களிலிருந்து வேறுபாடு

திகைப்பை உணர்த்தும் மற்றோர் ஆங்கிலச் சொல்லாகிய 'அமேஸ்' வேறு வழியில் மாறியது. அதன் பழைய ஆங்கில வடிவம் 'அதிர்ச்சியால் செயலறச் செய்தல்' என்னும் பொருளுடையது. அவ்வடியிலிருந்து தோன்றிய 'மேஸ்' முதலில் மனமயக்கத்தையும், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகுந்தோர் வழிதப்பும் சிக்கற்பாதையையும் குறித்தது. 'அமேஸ்' என்பதோ 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியப்பை உணர்த்தலாயிற்று. அதிர்ச்சி, மயக்கம், வியப்பு என அண்டைப் பொருள்களின் வழியே படிப்படியாக நிகழ்ந்த மாற்றம் இது. தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் வியப்பினை 'மருட்கை' என வழங்குவதும், அது மயக்கத்தை உணர்த்தும் 'மருள்' என்பதன் அடியாகப் பிறந்திருப்பதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கன. இரண்டு மொழிகளுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் இல்லை. மயக்கமும் வியப்பும் உள்ளத்தில் அடுத்தடுத்து நிற்பதே ஒற்றுமைக்குக் காரணம்.

'நாற்றம்' என்பதிலும் நறுமணத்திற்கும் தீய மணத்திற்கும் இடையே 'மணம்' என்னும் பொதுப்பொருள் பாலமாக நின்றது. 'நான்பிளஸ்டு' என்பதில் அத்தகைய இடைப்பொருள் இல்லை. 'சற்றே திகைத்த', 'திகைப்புக் குறைந்த' என்னும் படிநிலைகளைக் கடந்து அது 'திகையாத' என்னும் பொருளை அடையவில்லை. ஒரு தலைமுறையினர் சொல்லைப் புதிதாகப் பகுத்துணர்ந்தமையால் மாறுபொருள் ஒரே தாவலில் தோன்றியது.

'பிளத்தல்', 'ஒட்டுதல்' என்னும் முரண்பொருள்களை உடைய 'கிளீவ்' போன்ற சொற்களோடும் இதனை ஒன்றாக எண்ணுதல் கூடாது. அது பழைய ஆங்கிலத்தின் இருவேறு வினைகள் ஒலியால் ஒன்றானமையின் விளைவு. 'நான்பிளஸ்டு' என்பதோ ஒரே சொல் இரண்டாகப் பிரிந்ததன் விளைவு.

அகராதியியலும் மொழிபெயர்ப்பும்

அகராதிகள் இப்புதுப்பொருளைப் பதிவு செய்வதில் ஒருமித்த போக்கைக் காட்டவில்லை. மெரியம்–வெப்ஸ்டர் அகராதி அதனை அமெரிக்க வழக்கு என்னும் குறிப்புடன் தனிப்பொருளாகத் தருகிறது. பிரித்தானிய அகராதி மரபு அதனைச் செந்நெறிக்குப் புறம்பான வட அமெரிக்கப் பேச்சுவழக்காக நோக்குகிறது. பழம்பொருளில் ஆண்டால் இளையோர் பிழைபட உணர்வர். புதுப்பொருளில் ஆண்டால் கற்றோர் பிழை என்பர். இவ்வாறு இருபாலும் இடர் தரும் சொற்களுக்கு அமெரிக்க மொழிவழக்கு அறிஞர் பிரயன் கார்னர் ஒரு பெயரிட்டார். துர்நாற்றம் வீசும் 'ஸ்கங்க்' என்னும் விலங்கின் பெயரால் அவற்றை 'ஸ்கங்க்டு' சொற்கள் என வழங்கி, பூசல் ஓயும்வரை தவிர்த்தலே நன்று என்றார்.

எழுதுவோர் சொல்லைத் தவிர்க்கலாம்; மொழிபெயர்ப்பாளர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. அமெரிக்கப் புதினமொன்றில் கொடுஞ்செய்தி கேட்ட கதைமாந்தர் 'நான்பிளஸ்டு' எனச் சுட்டப்பெறின், 'வாயடைத்து நின்றாள்' என்பதா, 'சற்றும் கலங்கினாளல்லள்' என்பதா என முடிவு செய்தே ஆகவேண்டும். தவறினால் ஒரு சொல் மட்டும் பிழையாவதில்லை. அம்மாந்தரின் பண்பே மாறிவிடும். எழுதப்பட்ட ஆண்டு, ஆசிரியரின் நாடு, அடுத்து வரும் செயல் ஆகிய மூன்றையும் நோக்கியே பொருள் துணிதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டிற்கு முற்பட்ட நூல்களில் திகைப்புப் பொருளையே கொள்ளலாம். அண்மைக்கால அமெரிக்க எழுத்தில் சூழலை ஆராயாமல் அகராதிப் பொருளை இடுதல் ஆகாது. ஆங்கில–தமிழ் அகராதிகள் இருபொருளையும் நாடு, காலம் பற்றிய குறிப்புடன் பதிவு செய்தல் இன்றியமையாதது.

முடிவுரை

சொல்லுக்குப் பொருள் அமைந்த காரணம் நோக்கியவுடன் விளங்கத் தோன்றாது என்பது தொல்காப்பிய உரியியல் கருத்து. 'நான்பிளஸ்' வரலாறு அக்கருத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. காரணம் விளங்காதபோது பேசுவோர் வாளா இருப்பதில்லை; தாமே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கின்றனர். அக்காரணம் வரலாற்றுக்கு முரணாயினும், பலரால் ஏற்கப்பெறின் புதுப்பொருளாக நிலைக்கிறது. இலத்தீன் அறிவு பரவியிருந்த காலத்தில் இச்சொல்லின் பிறப்பே அதன் பொருளுக்குக் காவலாக இருந்தது. அவ்வறிவு அருகியபின் வினைவடிவம் சிறிது காலம் காவலாக நின்றது. அதுவும் தளர்ந்தபின் சொல் தன் எதிர்ப்பொருளை ஏற்றது. சொற்பொருளை நிலைநிறுத்துவதில் வழக்காற்றோடு சொல்லமைப்பின் தெளிவிற்கும் இலக்கண வடிவங்களின் துணைக்கும் உரிய பங்கினை இச்சொல் வரலாறு உணர்த்துகிறது.