கச்சானில் வரும் கப்பல்

தமிழ்நாட்டில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் ஜூன். குடும்பத்தோடு ஊர் சுற்றப் போனவர்கள் வீடு திரும்பிவிடுவார்கள். உல்லாசப் பயண வியாபாரத்துக்கு இதைவிட மோசமான மாதம் கிடைக்காது. ஆனாலும் கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் சென்னையிலிருந்து தன் பயணங்களைத் தொடங்கியது 2022 ஜூன் 4-இல். முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். அடுத்த ஆண்டு ஜூன் 5-இல் அதே கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என மூன்று துறைமுகங்கள் அதன் பட்டியலில் இருந்தன. ஜூன் 16-இல் காங்கேசன்துறையில் அது தென்பட்டபோது, யாழ்ப்பாணத்தார் வேடிக்கை பார்க்கக் கரைக்கு வந்தார்கள்.

மும்பையைத் தளமாகக் கொண்டு ஓடும் கப்பல் அது. ஜூனில் அரபிக் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் கிழக்கே வந்துவிட்டது. கிழக்கில் அப்போது என்ன காலம் என்று கல்முனைக் கடற்கரையில் தோணி தள்ளும் எவரைக் கேட்டாலும் சொல்வார்: கச்சான் காலம்.

ஹம்பாந்தோட்டையிலிருந்து திருகோணமலைக்கு வரும் கப்பல் நம் கரையைக் கடந்துதான் போக வேண்டும். கிரிந்தைக்கு அப்பால் கடலுக்குள் நிற்கும் பெரிய பாசெஸ், சிறிய பாசெஸ் கலங்கரை விளக்கங்களைத் தாண்டி வடக்கே திரும்பினால் பொத்துவில், திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை, மருதமுனை என்று வரிசையாக நம் ஊர்கள். கச்சானில் காற்று தரைப் பக்கமிருந்து கடலை நோக்கி வீசுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, காய்ந்த வெக்கைக் காற்றாக நம் பக்கம் இறங்குகிறது.

அலை எவ்வளவு உயரும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையில்லாமல் அது ஓடிவரும் நீர்ப்பரப்பின் நீளம். தரையிலிருந்து புறப்படும் காற்றுக்குக் கரையோரத்தில் ஓட இடமே கிடையாது; அதனால் காற்று பலமாக இருந்தாலும் கரைக்கடல் அடங்கியிருக்கும். மார்கழி வாடைக்கு நிலைமை நேர்மாறு. அந்தமான் பக்கமிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஒரு தீவுகூடக் குறுக்கிடாமல் வங்காள விரிகுடாவை உழுதுகொண்டு வருகிறது அது. அந்த மாதங்களில் கரைவலைத் தோணிகள் மணல்மேட்டுக்கு மேலே இழுத்து வைக்கப்பட்டிருப்பதைக் கல்முனையில் யாரும் பார்க்கலாம்.

இது பருவத்தின் கணக்கு, முன்கூட்டியே தெரிந்தது, கப்பல் நிறுவனங்கள் அட்டவணை போடும்போதே சேர்த்துக்கொள்வது. ஐரோப்பாவிலிருந்து வரும் பெரிய கப்பல்களில் பெரும்பாலானவை நவம்பர் முதல் ஏப்ரல் வரை கொழும்பை நாடுவதும் இதே கணக்கால்தான். அட்டவணையைக் கிழிப்பது இன்னொன்று: சூறாவளி.

உல்லாசக் கப்பல் புயலில் மாட்டுவது அரிது. வங்கக் கடல் புயல் பெரும்பாலும் மணிக்கு 15 கிலோமீட்டர் அளவில்தான் நகரும். கப்பலோ மணிக்கு 18 கடல் மைல், அதாவது 33 கிலோமீட்டர் சாதாரணமாக ஓடும். ஓட்டப் பந்தயம் என்றால் கப்பல்தான் வெல்லும். சிக்கல், புயல் எங்கே போகும் என்று உறுதியாகத் தெரியாததில் இருக்கிறது. மாலுமிகளிடையே ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்றொரு விதி உண்டு. நாளைக்குப் புயல் எங்கே இருக்கும் என்ற கணிப்பில் 100 கடல் மைல் பிழை இருக்கலாம் என்று வைத்துக்கொள். நாளை மறுநாளுக்கு 200. மூன்றாம் நாளுக்கு 300. இந்தத் தூரத்தை, புயலைச் சுற்றி மணிக்கு 34 கடல் மைலுக்கு மேல் காற்று வீசும் வட்டத்தோடு கூட்டு. வரும் வட்டத்துக்குள் நுழையாதே.

இதை நம் ஊரில் வைத்துப் பார்ப்போம். மூன்று நாளில் ஒரு புயல் கல்முனைக்கு நேரே கடலில் நிற்கும் என்று கணிப்பு வருகிறது. பலத்த காற்றின் வட்டம் 100 கடல் மைல் என்று கொள்வோம். பிழைக்கு 300 கூட்டினால் 400 கடல் மைல், ஏறத்தாழ 740 கிலோமீட்டர். கல்முனையிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 650 கிலோமீட்டர்தான். ஆக, புறப்படும் துறைமுகமே விலக்கு வட்டத்துக்குள் வந்துவிடுகிறது! ஐந்து இரவுப் பயணத்துக்குப் பணம் கட்டிய பயணி சென்னையில் வெயில் அடிப்பதைப் பார்த்துவிட்டு ‘எங்கே புயல்?’ என்று கேட்பார். கப்பல் தலைவருக்கு வானத்தைப் பார்த்து முடிவெடுக்கும் உரிமை இல்லை.

எந்தப் பக்கமாக விலகுவது என்பதும் முக்கியம். பூமத்திய ரேகைக்கு வடக்கே புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். அது நகரும் திசைக்கு வலப்புறத்தில் சுழற்சியின் வேகமும் நகர்வின் வேகமும் சேர்ந்துகொள்ளும். போதாததற்கு, காற்று கப்பலைப் புயலின் பாதைக்கு முன்னே தள்ளிவிடும். இடப்புறம் ஒப்பளவில் சாந்தம். மட்டக்களப்பை நோக்கி மேற்கே வரும் புயலுக்குத் திருகோணமலை வலப்புறம், கல்முனை இடப்புறம். கல்கத்தாவில் வேலைபார்த்த ஹென்றி பிடிங்டன் 1848-இல் மாலுமிகளுக்கென எழுதிய கைநூலோடு, ஒளி ஊடுருவும் கொம்புத் தகட்டில் காற்றுச் சுழற்சியை வரைந்த அட்டைகளையும் கொடுத்தார். கடல் வரைபடத்தின் மேல் அட்டையை வைத்து, வீசும் காற்றின் திசையோடு பொருத்தினால், புயலின் நடு எங்கே என்று கண்டுகொள்ளலாம். செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் பாய்மரக் கப்பல்களுக்கு அதுதான் துணை. இன்றைய கணினித் திரை அதே வேலையை வேகமாகச் செய்கிறது.

கரீபியன் கடலில் இந்த விலகல் ஒரு வாடிக்கை. கிழக்குத் தீவுகளை நோக்கிப் புயல் வந்தால் கப்பலை மேற்கே திருப்பி மெக்சிகோ பக்கம் விடுவார்கள். பயணிக்கு ஒரு தீவு போய் இன்னொரு தீவு கிடைக்கும். ஆனால் அங்கேயும் தப்ப இடமில்லாத மூலைகள் உண்டு. 1998 ஒக்டோபரில் ‘ஃபான்டோம்’ என்ற நான்கு பாய்மர உல்லாசக் கப்பல் ஹொண்டுராஸ் பக்கம் இருந்தது. மிட்ச் சூறாவளி நெருங்கியபோது கப்பல் பெலீஸ் நகருக்குப் போய்ப் பயணிகளை இறக்கிவிட்டது. அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. பிறகு, புயல் வடக்கே திரும்பும் என்ற கணிப்பை நம்பி, தெற்கே ரோஆட்டன் தீவின் மறைவை நோக்கி ஓடியது. மிட்ச் வடக்கே போகாமல் தெற்கே இறங்கியது. மூன்று பக்கமும் நிலமும் திட்டுகளும் சூழ்ந்த அந்தக் குடாவில் கப்பலுக்கு வேறு வழி இருக்கவில்லை. 31 மாலுமிகளோடு காணாமல் போனது. பயணி ஒருவருக்கும் ஆபத்தில்லை.

வங்காள விரிகுடாவும் மூன்று பக்கம் அடைத்த கடல்தான். ஆனால் நமக்கு ஒரு வசதி: இலங்கைத் தீவே ஓர் அலைதாங்கி. கிழக்கில் புயல் என்றால் தெவிநுவரை முனையைச் சுற்றி மேற்குக் கரைக்குப் போய்விடலாம். மலைநாடு காற்றை மறித்துக்கொள்ளும். அட்டவணையில் திருகோணமலை அடிபட்டு, கொழும்பு ஏறும். ஹம்பாந்தோட்டையில் நிற்கும் கப்பலுக்கு இது எளிது. கல்முனைக்கு நேரே வந்துவிட்ட கப்பலுக்குத் தெற்கே திரும்புவதா, வடக்கே திருகோணமலைக்குள் நுழைவதா என்பது பெரிய கேள்வி.

துறைமுகம் எப்போதும் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உல்லாசக் கப்பலுக்கு அது பாதி உண்மை. மாடி மாடியாக உயர்ந்து நிற்கும் அதன் பக்கவாட்டைக் காற்று ஒரு பெரும் பாயைப் போல் பிடித்துக்கொள்கிறது. எம்ப்ரஸின் நீளம் 211 மீட்டர். காற்றுப்படும் பக்கம் 5,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 30 கடல் மைல் காற்று அதைச் சுமார் 75 தொன் விசையோடு தள்ளும். காற்று இரட்டித்தால் விசை நான்கு மடங்கு: 300 தொன். அதைக் கட்டுக்கயிறுகளும் இழுவைப் படகுகளும் தாங்க வேண்டும். வழிகாட்டி மாலுமி சிறு படகில் வந்து கப்பலில் ஏற முடியாத அளவு அலை இருந்தாலே துறைமுகம் மூடியதற்குச் சமம். அதனால்தான் புயல் வரும்போது பெரிய கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியே ஓடுவதைக் காண்கிறோம்.

ஒதுங்க இடம் எங்கே என்ற கேள்வி இந்தக் கடலின் வரலாற்றையே நடத்தியிருக்கிறது. 1746-இல் பிரெஞ்சுத் தளபதி லா புர்தொனே சென்னையைப் பிடித்த சில வாரங்களில், ஒக்டோபர்ப் புயலொன்று திறந்த கடலில் நங்கூரமிட்டிருந்த அவருடைய கப்பல்களைச் சிதறடித்தது. விரிகுடாவின் மேற்குப் பக்கத்தில் வாடையிலும் ஒதுங்கக்கூடிய ஒரே பெரிய இயற்கைத் துறைமுகம் திருகோணமலை. அதற்காக ஐரோப்பியர் மாறி மாறிச் சண்டையிட்டதில் வியப்பில்லை. இலங்கையின் தென்மேற்கில், காலியில் நின்று சென்ற தபால் கப்பல்கள் கொழும்புக்கு மாறியதும் வானிலையால்தான். 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1885-இல் முடிந்த அலைதாங்கிச் சுவர் அந்த மாற்றத்தைச் செய்தது.

நம் பக்கத்துப் புயல்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அவை தொலைவில் பிறந்து நாட்கணக்கில் நடந்துவருவதில்லை. பல வேளைகளில் வாசலிலேயே பிறக்கின்றன. 2025 நவம்பர் 27-இல் ‘டித்வா’ பெயர் பெற்றபோதே பொத்துவிலுக்கு அருகில் நின்றது. அதன் மழையும் மண்சரிவும் நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. அதற்கு முந்தைய ஆண்டு இன்னும் விசித்திரம். 2024 நவம்பர் 26-இல் நம் கரைக்கு வந்தது வெறும் தாழமுக்கம், பெயர் கிடையாது. அன்றுதான் காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரமொன்றை அள்ளிச்சென்று மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்தார்கள். ‘ஃபெங்கல்’ என்று அதற்குப் பெயர் வைத்தது 29-ஆம் திகதி, நம்மைக் கடந்து தமிழ்நாட்டை நெருங்கிய பிறகு. பெயர் காற்றின் வேகத்துக்குக் கிடைப்பது. மழையின் அளவுக்கு அல்ல. ‘இன்னும் பெயரே வைக்கவில்லையே’ என்று கப்பல் தலைவர் காத்திருப்பதில்லை. நாமும் காத்திருக்கக் கூடாது.

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் 900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், தென்னந்தோட்டங்கள் படுத்துவிட்டன. ‘சூறாவளி ஆண்டில் பிறந்தவன்’ என்று வயது சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் போகவில்லை. அது பெயரிடும் முறை வருமுன் வந்த புயல்.

பயணிகள் கப்பலை மாரி எப்படி நிறுத்துகிறது என்பதற்கு உல்லாசக் கப்பல்வரை போகவே வேண்டாம். நாகப்பட்டினம், காங்கேசன்துறை படகுச் சேவையைப் பாருங்கள். 2023 ஒக்டோபர் 14-இல் ‘செரியபாணி’ ஆரவாரமாகத் தொடங்கியது. பருவமழையைக் காரணம் காட்டி 20-ஆம் திகதியோடு நின்றது. அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 16-இல் ‘சிவகங்கை’ ஓடத் தொடங்கி, நவம்பரில் நின்று, 2025 பெப்ரவரி 22-இல்தான் மீண்டது. ஒக்டோபர் நடுவில் ஒரு சிறு கப்பலை அந்தக் கடலில் விட்டவர்கள் நாகப்பட்டினத்து மீனவர் ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம்.

உல்லாசக் கப்பலில் இடம் பிடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயணச்சீட்டோடு வரும் நீண்ட ஒப்பந்தத்தில், வானிலையால் துறைமுகத்தை மாற்றவோ விடவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்ற வரி ஏறக்குறைய எப்போதும் இருக்கும். பெரும்பாலும் இறங்காத துறைமுகத்தின் கட்டணம் மட்டும் திரும்பி வரும். திருகோணமலையைப் பார்க்கவே புறப்பட்டு, மூன்று நாள் கடலை மட்டும் பார்த்துவிட்டு வந்தாலும் வழக்குப் போட்டு வெல்வது கடினம்.

கடைசியாக, நம் கரையிலுள்ள ஒலுவில் துறைமுகம். 1994 முதல் துறைமுக அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரஃப் விதைத்த கனவு அது. டென்மார்க் கடனில் கட்டப்பட்டு 2013 செப்டெம்பர் 1-இல் திறக்கப்பட்டது. கரையில் சாய்வாக மோதும் அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டே போகும். குறுக்கே சுவர் எழும்பியதும் மணல் வாயிலில் தங்கியது, அந்த மணலை நம்பியிருந்த வடக்குக் கரையை நிந்தவூர் வரை கடல் அரித்தது. மீன்பிடிப் படகே உள்ளே நுழையத் திணறிய காலங்கள் உண்டு. ஒவ்வொரு மாரிப் புயலும் மாதக்கணக்கில் நகரும் மணலை ஓரிரு நாளில் கொண்டுவந்து கொட்டும். ஒலுவிலுக்கு உல்லாசக் கப்பல் வரப்போகிறது என்று அடுத்த தேர்தலில் யாராவது மேடையில் சொன்னால், இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த மாதத்தில் வரும்? ஆண்டுதோறும் மண் அள்ளும் செலவை யார் கொடுப்பது?