கடல் கடந்து வரும் சொத்து

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில், கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் சிற்றூர்களின் நிலத்தில், கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-ஆம் ஆண்டு 332 ஏக்கர் பரப்பில் ஒரு தொழிற்பேட்டையை அமைத்தது. அதுவே இன்றைய எலெக்ட்ரானிக் சிட்டி. அங்கே பணி தொடங்கிய இளைஞர் பலர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் குடியேறியுள்ளனர். அவர்களைப் பெற்றவர்களுள் சிலர் தமிழகத்து ஊர்களை விட்டு வந்து, பிள்ளைகள் வாங்கிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்து வருகின்றனர்.

அத்தகைய வீடொன்றுக்கு ஒரு நாள் துயரச் செய்தி வருகிறது என வைத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் குடியேறிய மகன் காலமானார். உயில் எழுதவில்லை. அங்கே மனைவியும் இரு சிறு குழந்தைகளும் உளர்; ஒரு வீடும் வங்கியில் பணமும் உண்டு. இங்கே தாய் வசிக்கும் வீடும் மகன் பெயரிலேயே இருக்கிறது. தாய்க்கு எதில் பங்கு?

இதற்கு விடை கூறும் விதிகள் இரண்டு. நிலமும் வீடும் எந்நாட்டில் உள்ளனவோ அந்நாட்டுச் சட்டத்திற்கு உட்பட்டவை. பணம், பங்குப் பத்திரம் முதலிய அசையும் பொருள்களோ, இறந்தவர் எந்நாட்டை நிலையான வாழிடமாகக் கொண்டிருந்தாரோ அந்நாட்டுச் சட்டத்தைப் பின்பற்றும். வேலைக்காகச் சில ஆண்டுகள் மட்டும் சென்றவருக்கு நிலையான வாழிடம் இந்தியாவாகவே இருத்தலும் கூடும்.

எலெக்ட்ரானிக் சிட்டி வீட்டை முதலில் நோக்குவோம். மகன் இந்துவாயின், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய், மனைவி, குழந்தைகள் இருவர் ஆகிய நால்வருக்கும் சமபங்கு உண்டு. தாய்க்குக் கிடைப்பது நாலில் ஒன்று. எஞ்சிய முக்கால் பாகம் மருமகளுக்கும் பேரக் குழந்தைகளுக்கும் உரியது. சிறுவர் பங்கை நீதிமன்ற அனுமதியின்றி விற்கவும் இயலாது. கலிபோர்னியாவிலுள்ள வீட்டிலும் பணத்திலுமோ, குழந்தைகள் இருக்கையில் தாய்க்கு அங்குள்ள சட்டம் பங்கே தருவதில்லை. இங்கிலாந்திலும் இதே நிலைதான். மகன் ஈட்டியதில் தாய்க்குப் பங்கு உண்டு என்னும் நம் ஊர் வழக்கம் கடலுக்கு அப்பால் செல்லாது.

உயில் இருந்திருப்பின் நிலைமை வேறு. தாய் குடியிருக்கும் வீட்டை அவருக்கே எழுதிவைக்க மகனுக்கு முழு உரிமை இருந்தது. பயனாளியைக் குறிப்பிடுதல் இன்னும் எளிய வழி. நம் நாட்டு வங்கியில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்று வாரிசுகளுக்காக வைத்திருப்பவரே ஆவார். அமெரிக்காவிலோ, ஆயுள் காப்பீட்டிலும் வங்கிக் கணக்கிலும் பயனாளியாகப் பெயர் குறிக்கப்பட்டவர் பெரும்பாலும் நீதிமன்றம் செல்லாமலே பணத்திற்கு உரியவராகிறார்.

இனி, பங்கு உள்ளவர் அதைப் பெறும் முறை. இறப்புச் சான்றிதழும் உறவை மெய்ப்பிக்கும் ஆவணங்களும் இன்றியமையாதவை. ஒரு நாட்டின் ஆவணத்தை மறுநாடு ஏற்பதற்கு அப்போஸ்டில் என்னும் முத்திரை வேண்டும். இந்தியா 2005-இல் இவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. இங்கே வெளியுறவு அமைச்சகம் அம்முத்திரையை வழங்குகிறது. தமிழருக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. நமக்கு முன்னெழுத்து உண்டேயன்றிக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயர் மகனது கடவுச்சீட்டில் குடும்பப்பெயராகி நிற்கும். தாயின் ஆதார் அட்டையிலோ வெறும் முன்னெழுத்தே இருக்கும். இருவரும் தாயும் மகனுமே என்பதை அயல்நாட்டு வங்கி எங்ஙனம் அறியும்? எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒரே வகையாகத் திருத்தி வைத்தல் நலம்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். இந்தியாவில் மரணச் சொத்து வரி 1985-இல் நீக்கப்பட்டது. வாரிசாகப் பெறும் பொருள் வருமானமாகக் கருதப்படுவதுமில்லை. அதிலிருந்து பின்னர் வரும் வட்டிக்கும் வாடகைக்கும் வரி உண்டு. அயல்நாட்டில் வாழ்ந்தவரிடமிருந்து வாரிசாக வந்த சொத்தை அங்கேயே வைத்துக்கொள்ள 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் இடமளிக்கிறது. ஆயின் அதனை வருமானவரிக் கணக்கில் காட்டுதல் கடமை. இங்கிலாந்தில் பொதுவாக 3,25,000 பவுனுக்கு மேற்பட்ட சொத்திற்கு நூற்றுக்கு நாற்பது வீதம் வரி உண்டு. அது சொத்திலிருந்தே செலுத்தப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அறியாத உறவினர் ஒருவர் அயல்நாட்டில் இறந்து பல கோடி விட்டுச் சென்றார், முன்பணம் கட்டினால் அனுப்புவோம் என்று வரும் கடிதங்களை நம்பலாகாது. இத்தகைய மோசடி பற்றி ரிசர்வ் வங்கி பலமுறை எச்சரித்துள்ளது. பணம் கட்டி ஏமாந்தவர் 1930 என்னும் தொலைபேசி எண்ணில் உடனே முறையிடலாம்.

மரணத்தைப் பற்றிப் பேசுவது அமங்கலம் என்று நம் வீடுகளில் கருதுகிறோம். அம்மௌனத்தின் விலையைப் பின்னர்த் தருபவள் முதிய தாயே. ஆதலின் கடல் கடந்து வாழும் மகனும் மகளும் அடுத்த முறை ஊர் வரும்போது, விருந்துண்ட பின் அரை மணி நேரம் ஒதுக்கி, உயிலைப் பற்றிப் பெற்றோருடன் பேசுவார்களாக. எந்தக் கணக்கு எங்கே உள்ளது என்னும் குறிப்பொன்றையும் எழுதி வீட்டில் வைப்பார்களாக.